எங்கே என்று கேட்கும் நாற்காலி

1944ஆம் ஆண்டு பிப்ரவரி ஏழாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஆறேகால் மணி. திருச்சி டெலிபோன் நிலையத்தில், பலகையின் முன் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த கோமளம், வெளியூர் அழைப்புக்காகத் தான் எழுதிய டிரங்க் கால் சீட்டை என் பக்கம் நகர்த்தினாள். நான் கம்பியைச் செருகி, "டிரங்க்ஸ்" என்றேன். மறுமுனையில் ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஒருவர்.

"யாரு, வேற பொண்ணா? ரொம்ப நல்லதும்மா. மெட்ராஸ்லே சம்பந்தி ஆத்துக்குப் பேசணும், முகூர்த்த விஷயம். மொதல்லே எடுத்தது எங்க வீதிக் கொழந்தை, குரலைக் கேட்டதுமே தெரிஞ்சுடுத்து. அதுமேலே நேக்கு மனஸ்தாபம் ஒண்ணும் இல்லேன்னு சொல்லிடுங்கோ. நல்ல காரியம் பாருங்கோ, அதான்."

அந்தக் குரலில் கடுமை துளியும் இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். இருந்தது பரிவு மட்டுமே. சென்னையைப் பிடித்துக் கொடுத்தேன். கோமளம் தன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதியவர்களுக்கு இப்படியெல்லாம் எழுதிவைக்கும் உரிமை பொதுவாக ஓய்வு பெற்றவர்களுக்கு உரியது. எனக்கு இருபத்து மூன்று வயது. மூன்று ஆண்டுகள் இந்தப் பலகையின் முன் உட்கார்ந்துவிட்டு, வரும் ஜூன் மாதம் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கப் போகிறேன். எங்கள் நாற்காலிகளுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குக் கம்பி செருகவும் சீட்டு எழுதவும் சூப்பர்வைசர் சொல்லித் தருவார். மனிதர்கள் தம்மைப் பற்றி வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்ளும் வாக்கியங்கள் இந்த வேலையில் எவ்வளவு குறுக்கிடும் என்பதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். அதில் ஆறுதல் அதிகம் இல்லை.

கோமளத்துக்கு அப்போது இருபத்தைந்து வயது. பதின்மூன்றாவது வயதில் கணவனை இழந்தவள். ஸ்ரீரங்கத்தில் அண்ணன் வீட்டில் இருந்தாள். யுத்தத்தினால் ஆட்கள் குறைந்து, பெண்களை எடுக்கத் தொடங்கியபோது அவளும் நானும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். அவள் ஏன் இந்த வேலைக்கு வந்தாள் என்பதை ஒரே வாக்கியத்தில் சொன்னாள்: "இங்கே யாரும் என் மூஞ்சியிலே முழிக்க வேண்டாமே." வீதியில் அவள் எதிரே வந்தால், வெளியே கிளம்பியவர்கள் உள்ளே திரும்பிப் போய் ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். டெலிபோனில் முகம் இல்லை. ஆகவே இங்கே தான் யாருக்கும் தீங்கு இல்லாதவள் என்று நம்பி வந்தாள். வந்த பிறகுதான், குரல் மட்டும் போகிற இடத்தில் குரலே முகமாகிவிடும் என்று தெரிந்தது.

எனவே மங்கலமான அழைப்பு எது வந்தாலும் அவள் சீட்டை என் பக்கமோ, என்னை அடுத்திருந்த ஜெயசீலியின் பக்கமோ தள்ளிவிடுவாள். பட்டுப் புடவைக் கடை என்றால் தள்ளுவாள். மேளக்காரர் என்றால் தள்ளுவாள். ஜெயசீலி பாலக்கரைப் பெண்; எதையும் மனத்தில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

"ஏடி கோமளம், கல்யாணம், சீமந்தம், காதுகுத்து எல்லாத்தையும் எங்ககிட்டத் தள்ளிவிடறியே, உனக்குன்னு என்னதான் வெச்சிருக்கே? மாட்டு வியாபாரமா?"

"மாடு கண்ணு போடறதா இருந்தா அதுவும் நோக்குத்தான்," என்பாள் கோமளம். சிரிக்காமல் சொல்வாள். நாங்கள்தான் சிரிப்போம்.

சிரிப்புக்கு அப்பால் ஒன்று இருந்தது. சீட்டு கைமாறும்போது அழைப்பு தாமதமாகும். தாமதமானால் புகார் வரும். நாங்கள் தற்காலிகமாக எடுக்கப்பட்டவர்கள். கோடை முடிவதற்குள் யாரை நிரந்தரமாக்குவது, யாரை அனுப்புவது என்று சூப்பர்வைசர் மேலிடத்துக்கு எழுத வேண்டும். கோமளத்தின்மேல் வந்திருந்த புகார்கள் எங்கள் இருவர்மேலும் வந்தவற்றைவிட அதிகம். வேலை போனால் அவள் திரும்ப வேண்டிய இடம் அண்ணன் வீட்டுக் கொல்லைப்புறம். வீட்டில் விசேஷம் என்றால் அவள் அங்கேதான் இருக்க வேண்டும். இதை அவள் குறையாகச் சொல்லவில்லை. ஒரு நாள் பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

சீட்டைத் தள்ளுவதற்கு முன் அவள் உதடு அசையும். நான் அருகில் இருந்ததால் கேட்டிருக்கிறேன். "என் வாய் படாம இருக்கட்டும்." ஒவ்வொரு முறையும் அதே நான்கு சொற்கள். வேலை நேரம் போகப் பரீட்சைக்குத் தமிழ் இலக்கணம் படித்துக்கொண்டிருந்தவளாகையால் அந்த 'இருக்கட்டும்' என்னை உறுத்தியது. வாழ்த்துவதற்கும் வைவதற்கும் தமிழில் வினைக்கு ஒரே வடிவம்தான். பிறரை வாழ்த்தும் வாக்கியத்தைக்கொண்டே அவள் தன்னை வைதுகொண்டிருந்தாள். அது வசை என்பது அவள் காதுக்கு எட்டவில்லை.

ஓய்வறையில் ஒரு நாள் காரணம் கேட்டேன். அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த கூஜாவைத் திறந்தபடியே சொன்னாள்.

"அவர் கும்மோணத்துக்குப் படிக்கக் கெளம்பினார். வாசல்லே செருப்பை மாட்டிண்டிருந்தார். அதுவரைக்கும் நான் அவரோட ஒரு வார்த்தை பேசினது கெடையாது. என்னவாவது பேசணும்னு ஆசையா இருந்தது. 'எங்க போறேள்?'னு கேட்டுட்டேன். கும்மோணம்னு நேக்குத் தெரியும். பேசறதுக்கு வேற ஒண்ணும் தோணலை."

"அப்புறம்?"

"சிரிச்சுண்டே போனார். அங்கேயே ஜுரம். திரும்பி வரலை." கூஜாவை மூடினாள். "மாமியார் திட்டவெல்லாம் இல்லை. 'பொறப்படறவாளைப் பாத்து என்னடி கேட்டே?'ன்னு ஒரே ஒரு தரம் கேட்டார். போறாதா?"

புறப்படுகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது என்பது உங்கள் வீடுகளிலும் உள்ள வழக்கந்தான். எங்கள் முசிறியில் 'தூரமா?' என்று சுற்றி வளைத்துக் கேட்போம். ஆனால் டிரங்க் பலகையில் எங்களுக்குக் கற்றுத்தரப்பட்ட முதல் வாக்கியம் என்ன? "டிரங்க்ஸ், எங்கே வேணும்?" அவளுக்குக் கிடைத்த ஒரே நாற்காலி, அவள் எந்தச் சொல்லால் கணவனைக் கொன்றதாக நம்பினாளோ அந்தச் சொல்லை நாள் முழுதும் கேட்கச் சொல்லும் நாற்காலி. 'டிரங்க்ஸ்' என்று மட்டும் சொல்லி, என்ன விஷயம் என்று தெரியும்வரை காத்திருப்பாள். வெல்லம், சிமெண்டு, கோர்ட்டு வழக்கு ஆகியவற்றுக்குக் கேட்டுவிடுவாள். கல்யாணத்துக்குக் கேட்கமாட்டாள்.

எங்கள் சூப்பர்வைசர் பொன்மலை ரயில்வே காலனியிலிருந்து வரும் ஆங்கிலோ இந்திய அம்மையார். அவரை மிஸ் என்றுதான் அழைப்போம். அவரிடம் நான் அதிகம் பேசியதில்லை. ஆனால் இதைப் போய்ச் சொன்னேன். மூடநம்பிக்கை என்று சிரிப்பார் என எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. சற்று யோசித்துவிட்டுக் கோமளத்தைக் கூப்பிட்டார்.

"கேள்விதான் கஷ்டம்னா கேக்காதே. ஊர் பேரைச் சொல்லச் சொல்லு. எனக்கு ஊர் வேணும், கேள்வி வேணாம். புரியுதா?" பிறகு என் பக்கம் திரும்பி, "நீ தமிழ் படிக்கிற பொண்ணு. நல்லதா ஒரு வாக்கியம் குடு" என்றார்.

"ஊரைச் சொல்லுங்கோ" என்பதே அந்த வாக்கியம். அதில் கேள்வி இல்லை, வெறும் ஏவல். கோமளம் அதை வாய்க்குள் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். ஜெயசீலி எட்டிப் பார்த்து, "புலவரே, இதுக்குத்தான் இத்தனை பரீட்சை எழுதறீங்களா?" என்றாள்.

பலன் நாங்கள் நினைத்ததற்கு மேல் இருந்தது. முதலில் ஒரு சீமந்தம். பிறகு ஒரு கிரகப்பிரவேசம். பங்குனி பிறப்பதற்குள் அவள் எந்தச் சீட்டையும் தள்ளுவதில்லை. உதடு அசைவதும் நின்றது. முசிறி வாழைக்காய் மண்டிக்காரர் ஒருவர், "ஏம்மா, நீங்க லைன்ல வந்தாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டார். அன்று ஓய்வறையில் கோமளம் அதை எங்களுக்குத் திருப்பிச் சொன்னாள்.

"என்னைப் பாத்து இப்படி யாருமே சொன்னதில்லை."

"பாத்து எங்க சொன்னாரு? கேட்டுத்தான் சொன்னாரு," என்றாள் ஜெயசீலி. "பாத்திருந்தா பூவும் பழமுமா வந்து நிப்பாரு. ஜாக்கிரதையா இருந்துக்கோ."

கோமளம் முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் நினைவில் வைத்திருக்கிறேன். பின்னர் நிகழ்ந்தவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போதும் அது பொய்யானதாகத் தோன்றவில்லை.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முசிறியில் எனக்குப் பெயரே ஊமைக்கோட்டான். இவளுக்குப் பேச வராது என்று எல்லாரும் சொல்ல, நானும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். பலகையில் உட்கார்ந்த சில வாரங்களில் அது என்னை விட்டுப் போய்விட்டது. திருச்சியில் யாருக்கும் அது தெரியாது, நினைவுபடுத்த ஆளில்லை, ஆகவே போயிற்று. கோமளத்துக்கும் அப்படியே போய்விடும் என்று நினைத்தேன். ஆனால் அவளுடையது அவள் வாய்க்குள் மட்டும் இருக்கவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து பேசும் ஒவ்வொரு பரிவான குரலிலும் இருந்தது. மாலையில் அவள் காவிரிப் பாலத்தைத் தாண்டித் திரும்பிய வீட்டிலும் அதுதான் இருந்தது.

சித்திரைக் கடைசியில் ஒரு காலை, ஏழு மணி இருக்கும். தெப்பக்குளத்து நூல் வியாபாரி ஒருவர் கோமளத்தின் பலகையில் வந்தார். அவர் கத்தியது எனக்கே கேட்டது.

"போடும்மா, சீக்கிரம் போடும்மா, எம்பொண்ணு அங்க கெடக்குது."

"ஊரைச் சொல்லுங்கோ."

"ஆசுபத்திரிக்குப் போடும்மா. பிரசவம், ரெண்டு நாளா வலி."

"ஊரைச் சொல்லுங்கோ, ஊரை."

"அய்யோ போடேம்மா."

"எங்க? எங்க போகணும், சொல்லுங்கோ."

கரூர் என்றார். கோமளம் ஒரு கணம் அசையாமல் இருந்தாள். தான் என்ன கேட்டோம் என்று தெரிந்துகொண்ட கணம் அதுதான். நான் சீட்டுக்காகக் கையை நீட்டினேன். அவள் தரவில்லை. கரூர்க் கம்பி அந்நேரம் ராணுவத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. விதிப்படி காத்திருக்க வேண்டும். அவள் காத்திருக்கவில்லை. ஈரோட்டைக் கூப்பிட்டு, அங்கிருந்த ஆபரேட்டரிடம் கெஞ்சாமல், குரலை உயர்த்தாமல், இரண்டே வாக்கியத்தில் நிலைமையைச் சொல்லி, அங்கிருந்து திரும்பக் கரூரைப் பிடித்துக் கொடுத்தாள். எனக்கு அந்த வழி தோன்றியிருக்காது. எங்களில் யாரும் அதைவிட விரைவாக அந்தத் தகப்பனை அந்த டாக்டரிடம் சேர்த்திருக்க முடியாது. மிஸ் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, விதியை மீறியது பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. இத்தொழிலில் நெருக்கடி நேரத்துத் தீர்ப்பு என்றால் என்ன என்று யாரேனும் கேட்டால் நான் சொல்வது இதைத்தான்.

பகல் ஒரு மணிக்கு அவரே மறுபடி வந்தார். இப்போது கத்தவில்லை.

"காலையில கரூர் போட்டுக் குடுத்தது நீங்கதானேம்மா? எம்பொண்ணு போயிடுச்சு. ஆபரேஷன் பண்ணட்டுமான்னு டாக்டர் கேட்டாரு, நான் லைன்ல இருந்ததால பண்ணுங்கன்னு சொன்னேன். பிள்ளை பொழைச்சிடுச்சு. பையன். நீங்க போட்டுக் குடுக்கலேன்னா அதுவும் இல்ல. நல்லா இரும்மா." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சொந்தக்காரங்களுக்குச் சொல்லணும். நாலஞ்சு ஊரு இருக்கு" என்றார்.

"எங்கே எங்கேன்னு சொல்லுங்கோ," என்றாள் கோமளம்.

ஒவ்வோர் ஊருக்கும் அவள் போட்டுக் கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் 'எங்கே' என்றே கேட்டாள். தடுமாற்றம் இல்லை, தாமதம் இல்லை. அந்தக் குரலில் நான் அதுவரை கேட்டிராத ஒரு நிதானம் இருந்தது. தனக்கு உரிய இடத்துக்கு வந்து சேர்ந்தவளின் நிதானம் என்று பின்னரே எனக்கு விளங்கியது.

ஓய்வறையில் மிஸ் அவளிடம் பேசினார். எனக்குத் தெரிந்த வரை அவர் ஒரு பெண்ணுக்காக இவ்வளவு பேசியது அன்று மட்டுமே.

"பேபி உயிரோட இருக்கு. அந்த மனுஷன் உனக்கு ஆசீர்வாதம் பண்றாரு. உனக்குக் காது இல்லையா?"

"கேட்டேன், மிஸ்."

"நாம வயர், கோமளம். இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் குடுக்கறோம். வயரால யாரும் சாவறதில்ல."

"வயரா இருந்தாத் தேவலை, மிஸ். நேக்கு வாய் இருக்கே."

நான் சொன்னேன்: இத்தனை மாதங்களில் நீங்கள் போட்ட கல்யாணங்கள் நடக்கவில்லையா, போட்ட சீமந்தங்களில் பிள்ளை பிறக்கவில்லையா என்று. அவள் என்னைப் பொறுமையோடு பார்த்தாள்.

"அதுலேயெல்லாம் நான் கேள்வி கேக்கலையே. நீங்கதானே கேக்காம இருக்கறதுக்கு வாக்கியம் பண்ணிக் குடுத்தேள்?"

நாங்கள் மாற்றியது அவள் சொன்ன வாக்கியத்தை. அந்த வாக்கியத்துக்குக் கீழே இருந்த தீர்ப்பை யாரும் தொடவில்லை. அது தனக்குச் சாட்சி வரட்டும் என்று அசையாமல் காத்திருந்தது. நலமாக முடிந்தவை எத்தனை இருந்தாலும் அவை அதன் முன் சாட்சியாக நிற்பதில்லை. துயரமாக முடிந்த ஒன்று போதும். பிழைத்த குழந்தைகூட அங்கே பேச முடியவில்லை. உங்கள் பக்கத்தில் ஒருத்தி தன்னைத் தாழ்த்திச் சொல்லிக்கொள்வதைக் கேட்டால், அவளுக்கு நல்ல சொல் ஒன்றைக் கொடுங்கள். வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சொல் மாறியதும் ஆள் மாறிவிட்டாள் என்று நம்பி நிம்மதியடையாதீர்கள். அப்படியானால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்போல் எழுத விருப்பமும் இல்லை.

மறு வாரம் கோமளம் மிஸ்ஸிடம் போய் ஒரு ஏற்பாடு கேட்டாள். நான் அங்கே இருந்தேன்.

"துக்க சமாசாரம் எது வந்தாலும் என்கிட்டே குடுத்துடச் சொல்லுங்கோ. எத்தனை வந்தாலும் போடறேன். ஒரு நிமிஷம் தாமதம் ஆகாது. மத்தது மட்டும் நேக்கு வேண்டாம்."

யுத்த காலத்தில் பயிற்சி பெற்ற ஓர் ஆபரேட்டரை இழக்க மிஸ்ஸால் முடியாது. "சரி," என்றார்.

அதன்பிறகு பலகையில் ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. மரணச் சேதிக்கான சீட்டு எந்த நாற்காலியில் எழுதப்பட்டாலும் கோமளத்தின் கைக்குப் போய்விடும். மற்றவை எங்களுக்கு வரும். அழுகிறவர்களின் குரலை ஜெயசீலியால் ஒருபோதும் தாங்க முடிந்ததில்லை. "என்னவோ போ, எனக்குப் பெரிய பாரம் எறங்கினாப்ல இருக்கு," என்றாள். புகார்கள் நின்றன. துக்கத்தில் பேசியவர்கள், இவ்வளவு இதமான ஆபரேட்டரை அறிந்ததில்லை என்று மிஸ்ஸிடம் சொன்னார்கள். ஸ்ரீரங்கத்துக் குரல்களும் மனநிறைவடைந்தன. எங்களுக்கெல்லாம் வசதியாக இருந்தது. அந்த வசதியைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும் என்று இதை எழுதுகிறேன். ஒருத்தி தன்மேல் விதித்துக்கொண்ட தண்டனையை ஓர் அறையே சேர்ந்து வேலைமுறையாக மாற்றியது. அதற்கு யாரும் கொடியவர்களாக இருக்கத் தேவைப்படவில்லை.

ஆனி மாதத்தில் கோமளம் நிரந்தரமாக்கப்பட்டாள். ஆணை வந்த அன்று அவள் எங்களுக்குக் கல்கண்டு கொடுத்தாள். தன் கையால் தராமல், பொட்டலத்தை மேசைமேல் வைத்து எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் பலகையில் உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் உறையூரிலிருந்து ஒரு பெண் பேசினாள். அண்ணன் இறந்துவிட்டார், மணப்பாறையில் இருக்கும் தங்கைக்குச் சொல்ல வேண்டும் என்றாள். ஊரையும் நம்பரையும் சீட்டில் எழுதினேன். நான் எழுதி முடிக்கும் முன்பே கோமளத்தின் கை என் பக்கம் வந்துவிட்டது.

"குடுங்கோ."

"நான் போடறேன்," என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. கையை எடுக்கவும் இல்லை.

"துக்கம்தானே? அது என்னோடது."

"இல்லீங்க, கோமளம். இது என் சீட்டு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். இருந்த ஒன்றையும் பறித்துக்கொள்கிறவளைப் பார்க்கும் பார்வை அது. விரித்த கை எங்கள் இருவருக்கும் நடுவே பலகையின் விளிம்பில் அப்படியே இருந்தது. நான் அதைத் தொடாமல், அதற்கு மேலாகக் கையை நீட்டிக் கம்பியைச் செருகி, மணப்பாறையைக் கூப்பிட்டேன்.